ஐப்பசிக்கு முன்னால் காரில் ஒரு ரேடியோ

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அதே பொழுதில் மீனம்பாக்கத்தில் சுமார் 35, நுங்கம்பாக்கத்தில் 29. அடையாறு என்றால் நகரத்துக்காரர்களுக்குச் சைதாப்பேட்டைப் பாலம் நினைவுக்கு வரும். தாம்பரம் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அது ஆதனூரில் புறப்பட்டு மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக வருகிற ஆறு. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அதோடு சேர்வது திருநீர்மலைப் பக்கத்தில்தான். அதற்கு மேலே இருக்கும் முடிச்சூரை மூழ்கடித்தது எங்கள் ஏரிகள் தள்ளிய தண்ணீர்.

தண்ணீரைவிட என்னை அதிகம் கலங்க வைத்தது செல்போன்களின் மௌனம். மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். டவர்களின் பேட்டரி தீர்ந்தது. ஜெனரேட்டர் இருந்த இடங்களில் டீசல் கொண்டுபோக வழியில்லை, சில இடங்களில் ஜெனரேட்டரே முழுகிவிட்டது. ரயில் ஓடவில்லை. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். மாடியில் நிற்கிற முதியவருக்கு இன்சுலின் வேண்டும் என்று அடுத்த தெருவுக்குச் சொல்ல வழியில்லாமல் போனது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12இல் வர்தா புயல் வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் இதே கதைதான்.

நான் சேலையூரில் இருக்கிறேன். அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருக்கிறேன். எங்களை ஹாம் என்பார்கள். என் பழைய வேகன்-ஆர் காரின் கூரையில் அரை மீட்டர் கம்பி ஒன்று நிற்கும். குடியிருப்பில் குழந்தைகள் “மாமா, இது என்ன, கிரிக்கெட் கேக்கவா?” என்று கேட்பார்கள். அந்தக் கம்பி எதற்கு, அதை எப்படி ஒழுங்காக மாட்டுவது என்பதை மழைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஹாம் ரேடியோ என்பது தனிநபர் அரசிடம் தேர்வெழுதி, உரிமம் பெற்று, தனக்கென ஓர் அழைப்புக்குறியுடன் நடத்தும் வானொலி நிலையம். இந்தியாவில் அந்தக் குறி பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். வியாபாரம் பேசக்கூடாது, பாட்டு ஒலிபரப்பக்கூடாது. நடுவில் எந்தக் கம்பெனியின் டவரும் தேவையில்லை. என் ஆண்டெனாவிலிருந்து உங்கள் ஆண்டெனாவுக்கு நேராகப் போகும். சென்னைக்கும் இதற்கும் உறவு பழையது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று 40 வாட் கருவியை வைத்து ஒலிபரப்பு ஆரம்பித்தது. அகில இந்திய வானொலி என்ற பெயர் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முந்தி, இந்த ஊரில் சிலர் சொந்தக் காசைப் போட்டு வானலையைத் தொட்டார்கள்.

அது ஏன் காரில் இருக்க வேண்டும்? வீட்டில் எவ்வளவு நல்ல ரேடியோ இருந்தாலும் அதற்குக் கரன்ட் வேண்டும். இன்வெர்ட்டர் தரைத்தளத்தில் இருந்தால் முதலில் நனைவது அதுதான். காரில் பேட்டரி இருக்கிறது. அதை நிரப்ப ஆல்டர்னேட்டர் இருக்கிறது. டீசலோ பெட்ரோலோ இருக்கும்வரை அதுவே ஒரு மின்நிலையம். எல்லாவற்றுக்கும் மேலாக, கார் நகரும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள் அல்லவா? ஹாம் கண்ணோடு பார்த்தால் அது அருமையான இடம். நாங்கள் உள்ளூரில் பேசுகிற 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிற்கும் கார் ஆண்டெனாவுக்குத் தடையில்லாத சமவெளியில் அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர். அதே கார் எட்டு மீட்டர் உயர மேம்பாலத்தில் ஏறினால் 12 கிலோமீட்டருக்கு மேல். வேளச்சேரிப் பாலத்திலிருந்து தாம்பரம் எட்டிவிடும் தூரத்துக்கு வந்துவிடும். மறுமுனையில் பேசுகிறவரும் உயரத்தில் இருந்தால் இரண்டு தூரமும் கூடும்.

இந்தப் பகுதியின் நில அமைப்பை வானலைக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம் தாண்டி மீனம்பாக்கம் போகும்போது திரிசூலம் குன்றுகளின் நிழலில் சில சிக்னல்கள் மங்கிவிடும். பரங்கிமலை உச்சிக்குப் போனால் நகரமே காதில் விழும். மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி ஓட்டும்போது எதிரே மறைப்பு இல்லாததால் கிழக்குக் கடற்கரைப் பக்கம் தெளிவாகக் கேட்கும். தெருவுக்குத் தெரு இதை எழுதி வைத்துக்கொண்டால் வெள்ள நேரத்தில் எங்கே போய் நிற்பது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

இனி மாட்டும் வேலை. ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். என் கருத்து உறுதியானது: ரேடியோவுக்குச் செலவழிக்கும் பணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வயருக்கும் ஆண்டெனாவுக்கும் போடுங்கள். யேசு, ஐகாம், கென்வுட் என்று எந்த ரிக்கை (ஹாம்கள் ரேடியோக் கருவியை அப்படித்தான் சொல்வோம்) வாங்கினாலும், ஒல்லி வயரும் மோசமான ஆண்டெனாவும் அதைக் கெடுத்துவிடும். சாதாரண ரிக்கைக்கூட நல்ல வயரும் நல்ல ஆண்டெனாவும் காப்பாற்றிவிடும்.

கேம்ப் ரோட்டில் எனக்குத் தெரிந்த கார் எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் இருக்கிறார். கை சுத்தமான ஆள். ரேடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் கேட்டார்:

“சார், சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகிடலாமே? அஞ்சு நிமிஷ வேல.”

“இது போன் சார்ஜர் இல்ல தம்பி. பேசும்போது 10, 12 ஆம்பியர் இழுக்கும். அந்த சாக்கெட்டுக்கு வர்ற வயரு அதுக்குப் போட்டது இல்ல. நேரா பேட்டரியிலேருந்து இழுங்க.”

“சரி சார். ஃபியூஸ உள்ள டேஷ்போர்டு பக்கமா வெச்சுடறேன். மாத்தறதுக்கு வசதியா இருக்கும்.”

“வேண்டாம்ப்பா. பேட்டரிய ஒட்டி வைங்க. ஃபியூஸ் காப்பாத்த வேண்டியது வயரத்தான். நடுவுல எங்கயாவது வயரு உரசி பாடியில பட்டுச்சுன்னா, பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவுல இருக்கற அத்தனையும் பத்திக்கும்.”

அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, “கரெக்ட்டு சார், அந்த நடுவுல இருக்கறத யாரு காப்பாத்துவா” என்றார். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வருகிற ஆம்ப்ளிஃபையர் வேலைகளுக்கும் ஃபியூஸைப் பேட்டரி ஓரத்திலேயே வைக்கிறார்.

வயரின் கனம் ஏன் முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்கு. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்கு நாலு மீட்டர் என்று வையுங்கள். போக வர எட்டு மீட்டர் செம்பு. வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், 12 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே 0.66 வோல்ட் காணாமல் போகும். இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட் இருப்பதால் தெரியாது. இன்ஜினை அணைத்துவிட்டுப் பேட்டரியில் பேசினால் 12.4 வோல்ட்தான் இருக்கும்; அதில் 0.66 போனால் ரிக்கின் கைக்கு வருவது 11.7. பெரும்பாலான ரிக்குகள் 13.8க்கு 15 சதவீதம் கீழேவரைதான் சரியாக வேலை செய்யும் என்று அவற்றின் கையேட்டிலேயே போட்டிருக்கும். அந்தக் கீழ் எல்லையும் 11.7தான். அதற்குக் கீழே இறங்கினால் குரல் உடையும், ரிக் அணைந்து அணைந்து எரியும். மின்சாரம் போன ஊரில், இன்ஜின் அணைந்த காரில், நமக்கு ரேடியோ மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்தான் அது நம்மைக் கைவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போடுங்கள், இழப்பு 0.28 வோல்ட்டுக்குள் நிற்கும். நெளிந்து வளைகிற பல இழை வயராக, வெப்பம் தாங்குவதாகப் புதுப்பேட்டையில் கேட்டு வாங்கலாம்.

இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வருகிற தகட்டில் கார் கம்பெனியே விட்டிருக்கும் ரப்பர் வளையம் வழியாக வயரை எடுத்து வாருங்கள். புதிதாக ஓட்டை போட்டால் அதற்கும் ரப்பர் வளையம் கட்டாயம்; கூரான தகட்டு விளிம்பு மெல்ல மெல்ல உறையை அறுத்துவிடும். புதிய கார்களில் பேட்டரியின் மைனஸ் முனையில் சென்சார் ஒன்று மாட்டியிருப்பார்கள். அந்தக் கார்களில் ரேடியோவின் மைனஸை நேரடியாக அந்த முனையில் கட்டாமல், பேட்டரியின் மைனஸ் கேபிள் பாடியில் போய்ச் சேருகிற போல்ட்டில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ரேடியோ இழுக்கிற மின்சாரம் காரின் கணினிக் கணக்கில் வராமல் போகும். ரிக்கையும் மைக்கையும் வைக்கும்போது ஏர்பேக் விரிகிற பாதையில் எதுவும் இருக்கக்கூடாது. மோதலில் ஏர்பேக் அதை முகத்தில் எறிந்துவிடும். முன்பக்கம் கழற்றி மாட்டுகிற ரிக் என்றால், கனமான பெட்டியை இருக்கைக்கு அடியில் இறுகக் கட்டி, சின்ன முகப்பை மட்டும் மேலே வைப்பது நல்லது.

ஆண்டெனாவுக்கு வருகிறேன். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 2.07 மீட்டர். அதில் கால் பங்கு, சின்னத் திருத்தத்தோடு, 49 சென்டிமீட்டர் கம்பி. இதைவிட எளிமையான ஆண்டெனா கிடையாது. ஆனால் அந்தக் கம்பி பாதி ஆண்டெனாதான். மற்றப் பாதி காரின் இரும்புக் கூரை. அதனால்தான் கூரையின் நடுவில் வைக்கச் சொல்கிறோம். நடுவில் இருந்தால் எல்லாத் திசைக்கும் சமமாகப் போகும். பம்பரிலோ டிக்கி ஓரத்திலோ வைத்தால் ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் நலிவாகவும் இருக்கும். கூரை இன்னொரு நன்மையும் செய்கிறது: 50 வாட் அலைக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் நடுவில் இரும்புத் தகடாக நிற்கிறது. பேசும்போது வெளியே யாரும் ஆண்டெனாவைத் தொட்டுக்கொண்டு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரையில் ஓட்டை போட்டு மாட்டுவது மின்சார ரீதியில் சிறந்தது. எனக்கு மனம் வரவில்லை. நம் ஊர் மழையில் அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும் பயமும் உண்டு. காந்த அடித்தளம் போதும். வைப்பதற்கு முன் கூரையையும் காந்தத்தின் அடியையும் துணியால் துடைத்துவிடுங்கள். இரும்புத்தூளும் மணலும் இருந்தால் பெயின்ட் உரிந்துபோகும். கேபிளைக் கதவு நசுக்காமல் பின்கதவின் ரப்பர் பட்டை வழியாக எடுக்க வேண்டும். நசுங்கிய கோஆக்ஸ் கேபிள் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே சிக்னல் செத்திருக்கும். கோவளம், முட்டுக்காடு பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இணைப்புகளை மாதம் ஒருமுறை பாருங்கள்; உப்புக்காற்று பித்தளையைப் பச்சையாக்கிவிடும். மாட்டி முடித்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை நடுவில் வைத்துப் பாருங்கள். 1.5க்குக் கீழே இருந்தால் ஆண்டெனா ரிக்கின் சக்தியை ஒழுங்காக ஏற்கிறது என்று பொருள். மேலே போனால் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அல்லது நீட்டிச் சரி செய்யலாம். இணைப்பான், கேபிள், மீட்டர் எல்லாம் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும்.

ரேடியோவைப் போட்டதும் ஆக்ஸிலேட்டர் மிதிக்கும் வேகத்துக்கு ஏற்றபடி ஏறி இறங்குகிற ‘வீ...’ என்ற சத்தம் கேட்டால் அது ஆல்டர்னேட்டர். நேராகப் பேட்டரியிலிருந்து வயர் இழுத்திருந்தால் பெரும்பாலும் வராது. வந்தால் மின்வயரை ரிக்குக்கு அருகில் ஃபெரைட் வளையத்தில் நாலு சுற்று சுற்றிப் பாருங்கள். ‘டிக்டிக்’ என்ற சத்தம் என்றால் ஸ்பார்க் பிளக் பக்கமிருந்து வருகிறது.

அதற்குமேல் போக ஆசைப்படுகிறவர்களுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. அந்த அலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். பகலில் தாம்பரத்திலிருந்து மதுரை, கோழிக்கோடு, ஐதராபாத் எல்லாம் பேசலாம். ஆனால் அதற்கு ஒழுங்கான கால் அலைக் கம்பி பத்து மீட்டர் வேண்டும். காரில் அதற்கு இடமேது? இரண்டரை மீட்டர் கம்பியில் சுருள் போட்டு ஏமாற்றுகிறோம். ரிக் கொடுக்கும் 100 வாட்டில் பெரும்பகுதி சுருளையும் பாடியையும் சூடாக்குவதில் போய், கொஞ்சம்தான் வெளியே போகும். அந்தக் கொஞ்சமும் போய்ச் சேர்கிறது என்பதுதான் அதிசயம். கையில் காசு குறைவாக உள்ள இளைஞர்கள், ஐதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரேடியோவைப் பற்றித் தேடிப் படியுங்கள். சில வாட்டுகள் மட்டும் கொடுக்கும் அந்த இந்தியக் கருவியை உலகம் முழுக்க ஹாம்கள் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் உண்மையிலேயே உதவுமா என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பரைச் சொல்வேன். பாரதி பிரசாத் என்ற ஹாம், வி.யு.2.ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறி உடையவர், அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகக் குழுவோடு போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். வெகு காலம் அந்தத் தீவுகளில் ஹாம் இயக்கத்துக்கு அனுமதி இல்லாதிருந்து, அப்போதுதான் கிடைத்திருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி அறுந்த தீவுகளிலிருந்து, உயிரோடு இருப்பவர்களின் செய்தியை அந்தக் குழு நிலப்பரப்புக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிதான். தயாராக இருந்த கருவி, தயாராக இருந்த கை.

சட்டத்தைப் பற்றிக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம். மலிவாகக் கிடைக்கிற வாக்கிடாக்கியை வாங்கிக்கொண்டு பேச ஆரம்பிக்காதீர்கள். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது, மீனம்பாக்கத்தில் விமான நிலையம் இருக்கிறது. விமானிகள் பேசுகிற 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் நம் அலைவரிசைக்குப் பக்கத்து வீடு. அங்கே ஒரு நொடி தவறாகக் குரல் போனாலும் உயிரோடு விளையாடுவதாகும். ஆண்டெனா உள்ள காரைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள்; நிறுத்தத்தான் வேண்டும். உரிமத்தின் மூலத்தைக் காரிலேயே வைத்துக்கொண்டு, இறங்கி நின்று, “சார், இது ஹாம் ரேடியோ, இதோ லைசென்ஸ்” என்று பொறுமையாகக் காட்டுங்கள். வாகனத்திலிருந்து இயக்குவது பற்றி உங்கள் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மாட்டுவதற்கு முன்பே படித்துக்கொள்ளுங்கள். விமானத் தளங்களின் மதில் ஓரமாக நிறுத்திப் பேசுவதைத் தவிருங்கள்.

வண்டி ஓட்டிக்கொண்டே மைக்கைப் பிடித்துப் பேசுவதை நான் ஏற்கவே மாட்டேன். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. கேட்டுக்கொண்டே ஓட்டலாம். பேச வேண்டுமானால் ஓரமாக நிறுத்துங்கள். வெள்ள நேரத்தில் இன்னொன்று: அடித்தள பார்க்கிங்கில் மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிட்டுப் பேசாதீர்கள், புகை ஆளைக் கொன்றுவிடும். இன்ஜின் இல்லாமலே நிறைய நேரம் கேட்கலாம். கேட்பதற்கு ரிக் இழுப்பது அரை ஆம்பியர் அளவுதான். எட்டு மணி நேரம் கேட்டாலும் நாலு ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது பாரமில்லை. பேச்சைச் சுருக்கிக்கொண்டால் போதும்.

தேர்வு பயப்படும்படியானது அல்ல. 12 வயது நிறைந்த யாரும் எழுதலாம். அடிப்படை மின்னணுவியல், விதிகள், பேசும் முறை இவைதான் பாடம். வி.யு.3 வகைக்கு மோர்ஸ் தந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை, வி.யு.2 வகைக்குத்தான் வேண்டும். மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் வயர்லெஸ் கண்காணிப்பு நிலையங்கள் தேர்வை நடத்துகின்றன. அப்படி ஒன்று நம் பெருங்குடியிலேயே இருக்கிறது. விண்ணப்பம், தேர்வு, உரிமம் எல்லாவற்றுக்கும் மாதங்கள் ஆகும். மழை தொடங்கிய பிறகு ஆரம்பித்தால் அந்த மழைக்கு உதவாது.

தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர், செம்பாக்கம், மேடவாக்கம் பகுதிகளின் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சங்கத்தில் கார் வைத்திருப்பவர்களில் ஒருவரையாவது இந்தத் தேர்வை எழுத வையுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களை எழுத வையுங்கள். பெண் பிள்ளைகள் இன்னும் அதிகமாக வர வேண்டும். உரிமம் கையில் வந்ததும், அந்தக் கார் எந்த மேட்டில் போய் நிற்க வேண்டும், பக்கத்துச் சங்கத்து ஹாமோடு எந்த நேரத்தில் பேச வேண்டும், எந்த வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதி காரின் டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். ஆடி முடிவதற்குள் ரேடியோவை மாட்டி, ஆவணியிலும் புரட்டாசியிலும் வாரம் ஒருமுறை பேசிப் பழகிவிடுங்கள்.